உடைப்பில் இறங்கியவன்

கல்லணையைத் திறந்ததும் வாய்க்காலில் வருகிற முதல் தண்ணீர் படம் எடுக்க லாயக்கில்லாதது. கோடை முழுவதும் வாய்க்காலில் கிடந்த பிளாஸ்டிக் பை, காலி பாட்டில், காய்ந்த வெங்காயத்தாமரை எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு நுரையும் குப்பையுமாக வரும். அவசரக்காரர்கள் அதையே படம் எடுத்து அன்று மாலையே உலகத்துக்குக் காட்டிவிடுவார்கள். நான் காத்திருப்பேன். ஆடி பாதி போன பிறகு தண்ணீர் கொஞ்சம் தெளிந்து, அரிசி கழுவிய தண்ணீரில் டீத்தூள் சாயம் இறங்கிய மாதிரி ஒரு நிறத்துக்கு வரும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த நிறம் வெள்ளியாக விழும்.

ஏன் ஆடிப்பெருக்கு அன்று என்று கேட்டீர்கள், மேடம். தண்ணீரின் நிறம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது அதன் இடத்தில் வரும்.

வாயால் சொன்னால் உங்கள் ரைட்டர் அதைத் தன் நடையில் எழுதிக்கொள்வார். மேற்படி நபர் என்பார், சம்பவ இடம் என்பார். அந்த நடைக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் பேப்பர் கேட்டேன். இன்ஸ்பெக்டர் மேகலா கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட்டதும் கொடுத்தீர்கள், நன்றி. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் நிற்காது என்று வக்கீல் சொன்னார். நிற்காவிட்டால் போகட்டும். சரியாகச் சொல்லப்பட வேண்டும் என்பதுதான் என் கவலை.

என் பெயர் குஞ்சிதபாதம். பிறந்த ஊர் திருவிடைமருதூர், இருப்பது தஞ்சாவூரில். அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எங்கள் குடும்பத்துக்கு நிலமும் கிடையாது, பிறர் நிலத்தில் கூலிக்கு இறங்கியதும் கிடையாது. பண்ணையாரும் இல்லை, பண்ணையாளும் இல்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பழைய கதைகளை விருப்பு வெறுப்பு இல்லாமல் பார்க்க என்னால் முடியும். வளவன் மேல் உங்களுக்குக் கோபம் இருந்ததா என்று நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்டீர்கள். இல்லை. நான் கோபக்காரன் இல்லை என்பதை என்னோடு பழகிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் வேலையைத் தஞ்சாவூரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஆர்டிஸ்ட் என்றால், தங்க ரேக்கு ஒட்டி வெண்ணெய்க் கிருஷ்ணன் போடுவீர்களா, ஹாலில் மாட்ட ஒன்று வேண்டும் என்பார்கள். இல்லை, பழைய ஆவணங்களை எடுத்து அவற்றிலிருந்து புதிய படைப்புகள் செய்கிறேன் என்று சொன்னால், ஐயோ பாவம் என்கிற மாதிரி பார்ப்பார்கள். இந்த ஊருக்கு ராஜா காலத்துப் பெருமை வேண்டும், அந்தப் பெருமையின் அடியில் கிடப்பது வேண்டாம். நான் அடியில் கிடப்பதைத் தேடுகிறவன்.

தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை சின்னதாக ஓர் ஆவணக் காப்பகம் நடத்துகிறது. பழைய பண்ணை வீடுகளை இடிக்கும்போது பரணிலிருந்து இறங்குகிற சாமான்களில் கறையான் விட்டுவைத்தது அங்கே வந்து சேரும். பொறுப்பாளர் லியாகத் அலி. வெள்ளைக் கையுறை போடாமல் எதையும் தொடமாட்டார், தொடவும் விடமாட்டார். என்னை மட்டும் நம்பினார். பீரோச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போவார். அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம், அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

திருவிடைமருதூருக்குக் கிழக்கே ஒரு பெரிய பண்ணை இருந்தது. அந்தப் பண்ணையார்களில் ஒருவருக்குக் கேமரா பித்து. வெள்ளைக்காரன் காலம், ஃபிலிம் சுருள் இந்தப் பக்கம் அவ்வளவாக வராத காலம், கண்ணாடித் தகட்டில்தான் நெகட்டிவ். அவர் எடுத்த தகடுகள் ஒரு மரப்பெட்டியில் காப்பகத்துக்கு வந்திருந்தன. கல்யாணம், குதிரை வண்டி, பூனைக்குட்டியோடு பெண்டாட்டி என்று எல்லாம் குப்பை. நடுவில் அந்த ஒரு தகடு இருந்தது.

உடைப்பு என்றால் என்னவென்று நகரத்தில் பிறந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் வெறும் மண்ணைக் கொட்டி அடைக்க முடியாது, கொட்டக் கொட்டத் தண்ணீர் கொண்டுபோய்விடும். அதனால் அந்தக் காலத்தில் முதலில் ஓர் ஆள் உடைப்பின் வாயில் இறங்குவான். முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்துக் காலை ஊன்றிக்கொள்வான். வேகம் அவன் முதுகில் பட்டுத் தணிகிற நேரத்துக்குள் மற்றவர்கள் மூங்கில் முளை அடித்து, வைக்கோல் பிரியைத் திணித்து, மண்ணை அணைப்பார்கள். தகட்டில் அப்படி இறங்கிய ஒருவன் இருந்தான். மார்பு வரை தண்ணீர். இடது காது மடல் கிழிந்து தொங்குகிறது. நேராகக் கேமராவைப் பார்க்கிறான்.

பார்த்த உடனேயே அவன் சாகப்போகிறவன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று லியாகத் அலி கேட்டார். இல்லை. குறிப்பு இருந்தால் அதை எழுத குமாஸ்தா போதும், கலைஞன் எதற்கு?

அந்த முகத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சாக்குத் துணியில் அச்சிட்டேன். களிமண் பூசிய சுவரில் பதித்தேன். தண்ணீர்த் தொட்டியின் அடியில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கச் செய்தேன். இரண்டு வருஷ உழைப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்புதான்: "பெயர் அறியப்படாத பண்ணையாள். உடைப்பில் உயிரோடு புதைக்கப்பட்டவன்." சென்னையில் பார்த்தவர்கள் அழுதார்கள். பத்திரிகைகள் எழுதின. ஜெர்மனியில் நடக்கும் ஒரு பெரிய கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு முறை தொங்கினால் பிறகு உலகத்தில் எங்கே போனாலும் நாற்காலி போடுவார்கள். அறுபது வயதை நெருங்கும்போது எனக்கு வந்த முதல் நாற்காலி அது.

ஜெர்மனிக்குப் போவதற்கு முன் சொந்த மண்ணில் ஒரு முறை காட்டலாமே என்று தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் வைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நான்தான். ஜெர்மனிக்காரர்கள் சார்பாக ஒரு பெண்மணியும் வந்திருந்தார். அன்றைக்குத்தான் வளவன் தன் தாயாரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவனுக்கு மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். நல்ல வியாபாரம். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். அவன் தாயார் ராசம்மாள் இன்னும் ஊரில் குத்தகை நிலம் பார்க்கிறவர். அந்த அம்மாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கோயிலில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி மலர்ந்து, என்னிடம் சொன்னார்.

"இவுங்க எங்க மாமனாரோட அப்பாரு. காதைப் பாருங்க, மாடு குத்திக் கிழிச்சது."

பக்கத்தில் நின்ற ஒருவர் குறிப்பைப் படித்துக் காட்டினார். உயிரோடு புதைக்கப்பட்டவர் என்று போட்டிருக்கிறதே அம்மா என்றார்.

"யாருங்க பொதைச்சது? நான் கல்யாணம் ஆயி வந்தப்பகூட இருந்தாங்க. என் கையால கஞ்சி ஊத்தியிருக்கேன். உப்பு பத்தலன்னு திட்டுவாங்க."

மண்டபம் சிரித்தது. அழ வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஜெர்மன் பெண்மணிக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வளவன் என் பக்கம் வந்து மரியாதையாகத்தான் பேசினான். அவர் பெயர் காத்தான் என்றான், எழுபது வயதுக்கு மேல் இருந்து வீட்டில் படுத்துத்தான் இறந்தார் என்றான். பெயரைப் போட்டுவிட்டுப் புதைத்த கதையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். எனக்கு அவமானமாக இருந்தது. கோபம் இல்லை, அவமானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் அவன் அதையெல்லாம் பேஸ்புக்கில் எழுதினான். கெட்டியான ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் கேலி. "எங்க தாத்தாவைக் காணவில்லை, சாகடித்துச் சாக்கில் மாட்டியிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்திருந்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்குக் காலேஜில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவரின் பேரன் அதைப் பகிர்ந்திருந்தான். கொஞ்ச நாளில் ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. படத்தில் இருப்பவரின் குடும்பத்தார் சம்மதம் தெரிவித்தால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்று மிகவும் இனிமையாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் அவன் லேபுக்குப் போனேன். ரத்தக் குழாய்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். நான் பொறுமையாக விளக்கினேன். உங்கள் கொள்ளுத்தாத்தா எழுபது வயது வரை இருந்தது உங்கள் குடும்பச் செய்தி, ஆனால் படத்தில் இருப்பவர் உங்கள் கொள்ளுத்தாத்தா மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் சேற்றில் போன உங்கள் ஜனங்கள் எல்லோரும்தான், அவர்களுக்காகத்தான் பேசுகிறேன் என்றேன். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

"எங்க ஜனங்க எல்லாரையும் எதுக்கு சார் சாகடிக்கிறீங்க? அவங்க உடைப்ப அடைச்சாங்க. வெள்ளாமை பொழைச்சுது, ஊரு பொழைச்சுது, அவங்களும் பொழைச்சாங்க. பண்ணையில அடி வாங்கலன்னு நான் சொல்லல. வாங்குனாங்க. ஆனா அன்னிக்கு அந்த உடைப்புல தாத்தா ஜெயிச்சாரு சார். அத எடுத்துட்டா அவருகிட்ட என்ன இருக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைக்காதீர்கள். லேப் டெக்னீஷியனிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை, அவ்வளவுதான். ஜெயித்தவன் படத்தை யார் பார்ப்பார்கள்? கரையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டவனுக்காக ஜெர்மனியில் யார் நிற்பார்கள்?

அவனுக்கு வேண்டியது தகடு. அவர்கள் வீட்டில் காத்தானின் படம் ஒன்றுகூட இல்லை. பிரதி கேட்டுக் காப்பகத்துக்குப் போயிருக்கிறான், பண்ணை வாரிசுகளின் அனுமதி வேண்டும் என்று லியாகத் அலி விதியைக் காட்டியிருக்கிறார். தாத்தா மூஞ்சியைப் பார்க்க பண்ணையிடம் அனுமதியா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறான். தகடு கிடைத்தால் சம்மதம் தருகிறேன், ஆனால் காத்தான் என்று பெயர் போட வேண்டும், புதைத்த கதை போக வேண்டும் என்றான். இவ்வளவும் பேசி முடித்து நான் எழுந்தபோதுதான் அதைக் கேட்டான்.

"அம்மா ஒன்னு சொல்லுது சார். தாத்தா உடைப்புல எறங்குனா இடுப்புல கயிறு கட்டிக்கிட்டுத்தான் எறங்குவாராம். அந்தக் கயித்தக் கரையில அவரு சம்சாரம், எங்க அப்பாயிதான் புடிக்குமாம், வேற யாரையும் நம்ப மாட்டாராம். தகட்டுல அவங்க இருக்காங்களா?"

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். இல்லை என்றேன். தகட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறேன், கயிறும் இல்லை, பெண்ணும் இல்லை என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, அப்ப அம்மா சொல்றது கதைதான் போல என்று தலையை ஆட்டிக்கொண்டான். பெற்ற தாய் சொன்னது கதை, முன்பின் தெரியாத ஒருவன் கண்ணாடியைப் பற்றிச் சொன்னது உண்மை. படித்தவர்களிடம் எனக்குப் பிடித்த பலவீனம் இதுதான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். அதே வாய்க்கால், அதே இடம், அதே நிலை. காத்தானின் கொள்ளுப்பேரன் இறங்கி நிற்பதை ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், பழைய படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கட்டும், சாகவில்லை, இதோ வம்சம் நிற்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்றேன். படம் எடுத்த கையோடு தகடு உங்களுக்கு என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கே ஜெர்மனிக்குச் சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டான். நானே எதிர்பார்க்காத அவசரம்.

அந்தச் சம்மதம் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வளவன் தேவைப்படவில்லை. படம் மட்டும் தேவைப்பட்டது. படம் எடுத்துவிட்டுத் தகட்டைக் கொடுத்தால் அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். பார்த்தால் மறுபடியும் எழுதுவான், மறுபடியும் சிரிப்பார்கள். இதை நான் பல நாள் யோசித்தேன். மனம் பதறி எடுத்த முடிவு என்று என் வக்கீல் சொல்ல விரும்புகிறார். நீங்கள் அதை நம்ப வேண்டாம்.

தகட்டை வெள்ளிக்கிழமை மத்தியானம் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். பண்ணை வாய்க்காலை இப்போது யாரும் சரியாகத் தூர்வாருவதில்லை. போன மழையில் கரை அரித்த இடம் ஒன்று, தகட்டில் தெரிகிற கருங்கல் மதகுக்குக் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது. மண்வெட்டியால் அதைச் சற்று அகலமாக்கி, கரையின் உள்பக்கத்தைத் தோண்டி இளக்கிவைத்தேன். மதகு ஷட்டரைத் திருகும் கைப்பிடி, தண்ணீர் திறந்துவிடுகிற அரசாங்க ஆளான லஸ்கர் வீட்டில் இருக்கும். வரைவதற்கு வேண்டும் என்று கேட்டேன், ஆர்டிஸ்ட் சார் கேட்கிறார் என்று கொடுத்துவிட்டார்.

இப்போது அந்த இன்னொரு காரணம். ஆடிப்பெருக்கு அன்று ஊரில் ஒரு ஈ காக்கை இருக்காது. காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, சோற்று மூட்டையோடு ஜனம் முழுவதும் ஆற்றங்கரையில் இருக்கும். லஸ்கரும் குடும்பத்தோடு அங்கேதான் இருப்பார். வாய்க்கால் பக்கம் எட்டிப்பார்க்க ஆள் கிடையாது.

வளவன் காலையிலேயே வந்துவிட்டான். அன்றைக்கு லேப் லீவு. தாயார் எனக்கென்று எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கட்டிக் கொடுத்திருந்தார். சட்டையைக் கழற்றி, வாட்சைக் கழற்றி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டான். தாத்தா மாதிரி இருக்கேனா சார் என்று கேட்டான். ஏசியில் இருந்து வெளுத்த உடம்பு, தொப்பை வேறு. காது மட்டும் அந்த வம்சத்துக் காது. இருக்கிறீர்கள் என்றேன்.

அவன் உடைப்பில் இறங்கி முதுகை வாய்க்காலுக்குக் கொடுத்து நின்றான். ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினேன். இடுப்பு அளவு வந்ததும் சில படங்கள் எடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான், சிரிக்காதீர்கள் என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், தாத்தாவுக்கு மார்பு வரை இருந்தது என்று சொல்லிவிட்டு மதகுக்குப் போனேன். ஷட்டரை முழுவதும் தூக்கினேன். கைப்பிடியைக் கழற்றித் தண்ணீரில் போட்டேன். கை தவறி விழுந்தது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். தவறவில்லை. நடுவில் எனக்கே மனம் மாறிவிடக் கூடாது என்று போட்டேன்.

உடைப்பில் நிற்கிறவனுக்கு ஆபத்து மேலே இல்லை, காலடியில். வேகம் கூடக்கூட அடிமண் அரித்துக் குழி விழும். களி காலைக் கவ்விக்கொள்ளும். அந்தக் காலத்தில் கயிறு கட்டியது அதற்குத்தான். நான் திரும்பி வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றபோது அவனுக்கு மார்புக்கு மேல் தண்ணீர் இருந்தது. போதும் சார், இறக்குங்க என்றான். கால் இறங்குது சார் என்றான். பிறகு, வண்டியில் கயிறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. ஃபிரேம்களைக் கார் மேல் வைத்துக் கட்டுவதற்கு நல்ல நைலான் கயிறு எப்போதும் டிக்கியில் வைத்திருப்பேன். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு பக்கத்துக் கரை மண்ணும் சரிந்து தோளை அமுக்கியது. ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தான்.

"சார், கையக் குடுங்க."

அப்போதுதான் அவன் நேராகக் கேமராவைப் பார்த்தான். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். பழைய தகட்டில் காத்தானிடம் இல்லாதது அந்தப் பார்வையில் இருந்தது. படத்தை எடுத்தேன். இன்னொன்று எடுப்பதற்குள் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் உடைப்பும் அகன்று தண்ணீர் வயலில் பரந்துவிட்டது. எனக்குப் பசித்தது. சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போய், விபத்து என்று சொல்லி ஆட்களைக் கூப்பிட்டேன். அவர்கள் வயலோரக் கோரையில் அவனைக் கண்டுபிடித்தார்கள்.

நீங்கள் என் காரிலிருந்து தகட்டை எடுத்து, டார்ச் அடித்து ஓரத்தைக் காட்டினீர்கள். கரையில் கால் அகட்டி நிற்கிற அந்தப் பெண்ணையும், கையில் சுற்றிப் பிடித்திருக்கிற பிரிக்கயிற்றையும் நீங்களே கண்டுபிடித்தீர்கள். கயிறு எங்கே கயிறு எங்கே என்று ராசம்மாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் தேடினேன் என்றீர்கள். அந்தத் தகட்டை உடைத்துப் போட்டிருந்தால் இது விபத்தாகவே போயிருக்கும். ஏன் உடைக்கவில்லை என்று கேட்டீர்கள். ஓர் ஆவணத்தை என் கையால் எப்படி அழிப்பேன், மேடம்? நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அந்தப் பெண்ணைப் படத்திலிருந்து ஏன் வெட்டினேன் என்றும் கேட்டீர்கள். படத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அவள் முகத்தில் பயம் இல்லை. யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறாள், சீக்கிரம் மண்ணைக் கொண்டுவாருங்கள் என்கிற மாதிரி. ஓரத்தில் அவள் நின்றால் அது சாவு இல்லை, வேலை. அவளை எடுத்த பிறகுதான் அவன் தனியாக நின்றான். அவளை எடுத்த பிறகுதான் ஜனம் அழுதது.

வளவனைக் கொன்றது நான்தான். யோசித்து, இடம் பார்த்து, நாள் பார்த்துக் கொன்றேன். இதை ஒரு இடத்தில் தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் கொலை என்பதோடு நிறுத்திவிட்டால் பாதியைத்தான் சொன்னதாகும். நான் உலகத்துக்குச் சொன்ன ஒரு சாவு இருந்தது, அதற்குச் சாட்சி இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. இனி அந்தப் படங்களின் முன்னால் நின்று யாரும் சிரிக்கமாட்டார்கள். ராசம்மாளும் சிரிக்கமாட்டார்.

கேமராவை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று தெரியவில்லை. தராவிட்டாலும் அந்தக் கடைசிப் படத்தை மட்டும் ஜெர்மனிக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் காத்திருக்கிறார்கள். இந்த முறை பெயர் போட வேண்டும். வளவன், காத்தானின் கொள்ளுப்பேரன் என்று போடச் சொல்லுங்கள், அவன் கேட்டது அதுதான், நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். படத்தில் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. வெயில் எனக்குப் பின்னால் இருந்ததால் இடது ஓரத்தில் கரை மேல் என் நிழல் விழுந்திருக்கிறது, அதை மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்கள்.